சாவா மூவாப் பேராடும் உறைந்த உடல்களும்

இறந்த பிறகும் ஒருவருக்குப் பணம் தேவைப்படுமா? பட்டினத்தாரைப் படித்து வளர்ந்த சமூகம் இக்கேள்வியைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் சில நூறு பேர், பெரும்பாலும் அமெரிக்கர்கள், 'தேவைப்படும்' என்று விடை சொல்லிவிட்டு, அதற்கேற்பக் காப்பீடும் எடுத்து, உயிலும் எழுதிவைத்து, திரவ நைட்ரஜன் நிரம்பிய எஃகுக் கலங்களுக்குள் மைனஸ் 196 பாகை குளிரில் காத்திருக்கிறார்கள். கிரையோனிக்ஸ் என்று வழங்கும் இம்முறையில் உறைய வைக்கப்பட்ட எவரும் இதுவரை எழுந்ததில்லை. எழுப்பும் வழியும் இன்று எவர் கையிலும் இல்லை. வருங்கால மருத்துவம் அவ்வழியைக் கண்டடையும் என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். அந்த நம்பிக்கை அறிவியலா, மூடநம்பிக்கையா என்ற விவாதத்தை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நம் அக்கறை அதன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஏனெனில், இல்லாத ஒருவருக்காகப் பணத்தைக் காலம் கடத்தி வைப்பது எப்படி என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. திருப்பூர்ப் பக்கத்துக்கோ அது அன்றாடக் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1964இல் வெளிவந்த தம் நூலில் இக்கருத்தைப் பரப்பியவர் ராபர்ட் எட்டிங்கர். 1967 ஜனவரி 12 அன்று ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியரின் உடல் முதன்முதலாக உறைய வைக்கப்பட்டது. எட்டிங்கர் 1976இல் மிச்சிகனில் தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் 28,000 டாலர் கேட்கிறது. அரிசோனாவில் இருக்கும் ஆல்கோர் முழு உடலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறது. பெரும்பாலோர் இதனை ஆயுள் காப்பீட்டின் வழியாகவே கட்டுகிறார்கள். இது உடலைக் குளிரில் வைத்திருப்பதற்கான பணம். இதற்கு அப்பால் இன்னொரு பணம் உண்டு. எழுந்து வருபவர் ஏதிலியாக நிற்கக்கூடாது என்பதற்காக, தம் சொத்தை அறக்கட்டளையாக்கி, 'நான் திரும்பி வந்தால் என்னிடம் ஒப்படைக்க வேண்டும்' என்று எழுதிவைக்கும் செல்வந்தர்களும் இருக்கிறார்கள். இதற்கு வசதியாகச் சில அமெரிக்க மாநிலங்கள் சட்டத்தையே தளர்த்தியிருக்கின்றன. தெற்கு டகோட்டா 1983லேயே தனியார் அறக்கட்டளைகளுக்கான கால வரம்பை நீக்கிவிட்டது. கூட்டு வட்டி மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

கூட்டு வட்டி பார்த்துக்கொள்ளுமா? தொடக்க கால வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில், கல்லறைத் தோட்டம் ஒன்றின் நிலவறையில் சில உடல்கள் வைக்கப்பட்டிருந்தன. உறவினர்கள் சில ஆண்டுகள் பணம் அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நைட்ரஜன் வாங்கப் பணமில்லை. உடல்கள் உருகி அழிந்துபோனது 1979இல் வெளியே தெரிந்தது, வழக்கும் நடந்தது. 1973க்கு முன் உறைய வைக்கப்பட்டவர்களில் இன்றும் உறைநிலையில் இருப்பவர் பெட்ஃபோர்டு ஒருவரே என்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற பெருந்தொகையா அவரைக் காத்தது? அவர் ஆராய்ச்சிக்காக எழுதிவைத்த பணத்தைச் சுற்றி உறவினருக்குள் வழக்கு மூண்டு, அதற்கு மேலும் செலவாயிற்று. மனைவியும் மகனும் அவ்வழக்கை நடத்தினார்கள். உடலைக் கொண்ட கலம் இடம் மாறி இடம் மாறி, சில ஆண்டுகள் குடும்பத்தாரின் நேரடிப் பொறுப்பிலேயே இருந்து, 1982இல்தான் ஆல்கோரிடம் வந்து சேர்ந்தது. ஆக, அவரைக் காத்தது பணமன்று. அவரை 'அப்பா' என்று அழைத்த ஒரு மனிதரின் பிடிவாதம்.

இந்த இடத்தில் நம் இலக்கியம் தானாகவே நினைவுக்கு வருகிறது. திருப்பூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அவிநாசிதான் பழைய திருப்புக்கொளியூர். முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர் அது. அங்கே ஒரு தெருவில் ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. உடன் நீராடப்போன இரண்டு சிறுவரில் பிழைத்தவனுக்குப் பூணூல் கல்யாணம். பிழைக்காதவன் இருந்திருந்தால் அவனுக்கும் அதே நாளில் அது நடந்திருக்கும் என்று பெற்றோர் அழுகிறார்கள். சுந்தரர் பாட, வற்றிய குளம் நிறைந்து, முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. விழுங்கியபோது இருந்த வயதில் அன்று. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு.

மயிலாப்பூரின் பூம்பாவை கதை இதைவிட நெருக்கமானது. பாம்பு தீண்டி இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் வணிகரான சிவநேசர் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காக்கிறார். தம் செல்வத்தையும் மகளையும் சம்பந்தருக்கே உரியன என்று முன்னரே சொல்லிவைத்தவர் அவர். சம்பந்தர் வந்து பாடுகிறார். குடம் உடைந்து, பூம்பாவை பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுகிறாள். உடலின் எச்சத்தைப் பாதுகாத்தல், எழுப்பக்கூடியவருக்காகக் காத்திருத்தல், எழுந்த பின் வாழ்வதற்கான செல்வத்தைக் குறித்துவைத்தல் என்று கிரையோனிக்ஸின் முழு வரைவும் சேக்கிழாரிடம் இருக்கிறது என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

விளையாட்டு ஒருபுறமிருக்க, இரு கதைகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பக்தி நூலாக வாசிப்போர் அதனைத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். மீண்டு வந்தவரை அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ள ஒரு வீடு அப்படியே இருந்தது. அவிநாசிப் பெற்றோர் அழுகையை நிறுத்தியிருக்கவில்லை. சிவநேசர் கன்னிமாடத்தைப் பூட்டிவிடவில்லை. இருநூறு ஆண்டு கழித்து எழுபவருக்கு அந்த வீடு கிடையாது. வீட்டின் இடத்தில் அவர் பணத்தை வைக்கிறார். பணத்தால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை தேட நாம் போக வேண்டிய இடம் நம் கோயில் கல்வெட்டுகள். இல்லாதவர் பெயரால் காலவரையின்றிப் பணத்தை இயங்கச் செய்வதில் சோழர் காலத்தவர் பெற்றிருந்த அனுபவம் குறைவானதன்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிய வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள், அல்லது நாற்பத்தெட்டுப் பசுக்கள், அல்லது பதினாறு எருமைகள் என்று கணக்கிட்டு இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தந்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்!

ஆடு சாகும் என்பது கல்வெட்டு எழுதியவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினார்கள். ஒவ்வோர் ஆடும் சாகும். தொண்ணூற்றாறு என்ற எண் சாகாது. குட்டி ஈனும், கிழடு கழியும், மந்தை அப்படியே நிற்கும். உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிட்டு எஞ்சிய பாலும் குட்டியும் எருவும் இடையனுக்கு. மந்தையைக் காப்பாற்றினால் அவன் குடும்பம் பிழைக்கும். மந்தையை அழித்தால் அவன் பிழைப்பும் அழியும். இதற்கும் மேல், அவனுக்காகப் பிணை நின்ற உறவினர்களின் பெயர்களையும் தஞ்சைக் கல்வெட்டுகள் பதிந்துவைத்திருக்கின்றன. தருமத்தைக் காப்பவரின் பாதம் தம் தலைமேல் என்று கொடையாளி பணிவதும், அழிப்பவருக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்று சபிப்பதும் இவற்றுக்குப் பின்னால் வருகின்றன. பணிவையும் சாபத்தையும் மட்டும் நம்பி எவரும் விளக்கேற்றவில்லை. வாக்கைக் காப்பவன் அந்த வாக்கிலிருந்தே அன்றாடம் உண்ணும்படி ஏற்பாடு செய்தார்கள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, மீண்டெழுபவருக்கான அறக்கட்டளையைப் பார்ப்போம். அதன் அறங்காவலர் யாரால் உண்கிறார்? உறங்குபவரின் சொத்தால். அவருடைய ஊதியமும் நிர்வாகக் கட்டணமும் எப்போது நிற்கும்? உறங்குபவர் எழுந்து வந்து, 'என் பணத்தைக் கொடு' என்று கேட்கும் நாளில். வாக்கு நிறைவேறும் நாளே காவலருக்கு இழப்பு நாள். இடையனுக்கு நிகழ்ந்ததற்கு நேர் எதிர் இது. 'இவரை எழுப்பும் அளவுக்கு மருத்துவம் இன்னும் முதிரவில்லை' என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடும் குழுவுக்கு அவ்வாறு சொல்லிக்கொண்டே இருப்பதில் ஆதாயம் உண்டு. அக்குழுவில் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் இருநூறு ஆண்டுக்குத் தொடர்ந்து நல்லவர்களே வந்து அமர்வார்கள் என்று கருதி எழுதப்படும் ஆவணம் நல்ல ஆவணமன்று.

இதை ஏதோ தொலைதேசத்துச் செல்வந்தரின் கவலை என்று ஒதுக்குவோருக்குத் திருப்பூர்ப் பக்கத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற ஒன்று நடந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய அழைத்தார்கள். அன்றாடக் கூலி குறைவு. மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாக வாக்கு. அது திருமணத்துக்கு ஆகும் என்று சொல்லப்பட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதனை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது. உடல் நலம் கெட்டும் வேறு காரணங்களாலும் மூன்றாண்டு முடியும் முன் வெளியேறிய பெண்களுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போனதும் அதில் பதிவாயிற்று.

ஏன் கிடைக்காமல் போயிற்று என்பதற்கு ஆலை முதலாளிகளின் மனச்சாட்சியைத் துருவ வேண்டியதில்லை. ஏற்பாட்டைப் பார்த்தால் போதும். ஒரு பெண் மூன்றாண்டை முடித்தால் ஆலைக்குச் செலவு. முப்பத்தைந்தாம் மாதத்தில் போய்விட்டால் ஆலைக்கு மிச்சம். வருங்காலத்துப் பணம் என்ற பெயரில் அவளுடைய இன்றைய கூலியே அங்கே உறைய வைக்கப்பட்டது. அதை உருக்கித் தர வேண்டியவருக்கு உருக்காமல் இருப்பதில் ஆதாயம். பதினாறு வயதுப் பெண்ணின் மூன்றாண்டும் கோடீஸ்வரரின் முந்நூறு ஆண்டும் ஒரே வகையான ஒப்பந்தத்தில் நிற்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். கோடீஸ்வரர் தாமே விரும்பி எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

நொய்யலும் இதையே சொல்கிறது. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காக முடிக்கப்பட்டது. சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக மாறிற்று. கழிவைச் சுத்திகரிப்போம் என்ற வாக்கு பல ஆண்டுகள் வாக்காகவே இருந்தது. வாக்கை மீறுவது மலிவாகவும் காப்பது செலவாகவும் இருந்த வரை அப்படித்தான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகே மீறுவதன் விலை உயர்ந்தது. அதன் பின்னரே கழிவுநீரை வெளியே விடாத முறை தொழிலின் நிபந்தனையாக வேரூன்றியது. கீழ்நிலத்து உழவரும் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அந்த ஆற்றின் பயனாளிகள். அறங்காவலர் குழுவில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. இல்லாதவர் சார்பில் பேசுவதற்கு நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

நிற்க. நம் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் சுவையானது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பதினான்காம் பிரிவில், இன்று உயிரோடிருப்பவரின் ஆயுளும் அதற்கு அடுத்தவர் உரிய வயதடையும் காலமும் கடந்து சொத்தைக் கட்டிப்போடக் கூடாது என்கிறது. உயில்களுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இதுபோன்ற தடை உண்டு. வருமானத்தைச் செலவிடாமல் குவித்துக்கொண்டே போவதற்கும் பதினேழாம் பிரிவு வரம்பு விதிக்கிறது: கொடுத்தவரின் ஆயுட்காலம் அல்லது பதினெட்டு ஆண்டு. ஆனால் பதினெட்டாம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. சமயம், அறிவு, வணிகம், உடல்நலம், பாதுகாப்பு போன்ற பொதுநலனுக்காகக் கொடுக்கப்படும் சொத்துக்கு இத்தடைகள் இல்லை. அதாவது, ஒரு மனிதர் தனக்காக நிரந்தரத்தை வாங்க முடியாது, பிறருக்காக வாங்கலாம். ஆங்கிலேயர் எழுதிய சட்டம்தான். ஆயினும் நந்தா விளக்கு வைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரிந்திருக்கும்.

இதற்கு ஒரு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1773இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சில நண்பர்களோடு மதுக்கலத்தில் மூழ்கிக் கிடந்து, நூறாண்டு கழித்து எழுந்து தம் நாட்டைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்கிறார். நண்பர்களோடு என்று அவர் சேர்த்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். தனியே எழுவதில் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆசை நிறைவேறும் வழி தம் காலத்தில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். எனவே அவர் செய்தது வேறு. 1790இல் இறக்கும்போது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுண்டு வீதம் விட்டுச்சென்றார். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, திருமணமான, தொழில் பழகிய இளைஞர்களுக்கு அதிலிருந்து கடன் தர வேண்டும். வட்டி சேர்ந்து இருநூறு ஆண்டு இயங்க வேண்டும். 1990இல் பாஸ்டனில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் டாலரும் பிலடெல்பியாவில் ஏறத்தாழ இருபது லட்சம் டாலரும் இருந்தன. இடையில் குறைகள் நேராமல் இல்லை. கடன் வாங்கும் கைவினை இளைஞர்களே அருகிப்போன காலமும் வந்தது. ஆனாலும் இருநூறு ஆண்டு கடந்து பணம் உரிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் அதைத் தம்முடையது என்று சொல்ல உயிருள்ள ஓர் ஊர் இருந்தது.

உறைநிலைக்காரர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்களா என்றால், இல்லை. ஆல்கோர் 1997இல் உடல்களின் பராமரிப்புக்கென்று தனி அறக்கட்டளை அமைத்தது. உறைநிலையில் தம் உறவினரை வைத்திருப்பவர்களுக்கு அதன் பொறுப்பில் இடம் தருவது அவர்கள் கொள்கை. சாட்ஸ்வொர்த்தில் கற்ற பாடம் வீண்போகவில்லை. காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் ஒரு தசைத் தொடர்பு வேண்டும் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த உறவினரும் ஒரு நாள் இறப்பார் அல்லது கலத்துக்குள் போவார். மூன்றாம் தலைமுறைக்குக் கொள்ளுத்தாத்தாவின் முகம் நிழற்படத்தில் மட்டுமே. மந்தை குட்டி ஈனவேண்டும். இங்கே குட்டி இல்லை.

கல்வெட்டு ஏற்பாடு மட்டும் நிரந்தரமாக நின்றதா என்று நண்பர்கள் கேட்கலாம். நிற்கவில்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதினார்கள். சந்திரனும் சூரியனும் இருக்கின்றன. அந்த இடையர்களின் ஆடுகள் இல்லை. அரசுகள் மாறின, கோயில் நிலங்கள் கைமாறின. நிரந்தரம் என்று ஒன்றை எவராலும் எழுதிவைக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். ஆனால் ஒரு விளக்கு அணையும் முன் எத்தனை தலைமுறைக்கு எரிந்தது, அத்தனை தலைமுறையும் அதைக் கொண்டு யார் உண்டார் என்று கேட்கலாம் அல்லவா? இடையன் குடும்பம் உண்டது. உறைகலத்து அறக்கட்டளை தோற்றால் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. காவலர் ஊதியத்தைத் தவிர.

மணிமேகலையின் ஆபுத்திரன் கதையை இந்த வெளிச்சத்தில் மீண்டும் படிக்கலாம். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டபோது, அவன் ஒருவன் வயிற்றை அது காலமெல்லாம் நிரப்பியிருக்கும். அவன் அப்படிச் செய்யவில்லை. பிறர் பசி தீர்க்காத கலம் தனக்கு எதற்கென்று, தகுந்தவர் கையில் சேரட்டும் என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். பிறகு சாவக நாட்டில் பிறந்து அரசனாகித் திரும்பி வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைத் தானே பார்க்கிறான். தமிழிலக்கியத்தில் தன் உடலைத் தானே மீண்டும் கண்டவன் அவன். அப்போது அமுதசுரபி யாரிடம் இருந்தது? மணிமேகலையிடம். அவன் திருப்பிக் கேட்கவில்லை. அவன் போட்டுவைத்த முதல் அழியாமல் இருந்ததற்குக் காரணமே, அவன் அதைத் தன் பெயரில் போட்டுவைக்காததுதான்.

ஆகவே நம் கருத்து இது. மீண்டெழும் ஆசையை நாம் இகழவில்லை. பூம்பாவையைப் பாடும் சமூகம் அதை இகழ முடியாது. ஆனால் வருங்காலத்துக்குப் பணம் அனுப்ப விரும்புவோர், அந்தப் பணத்தைக் காப்பவரும் அதனால் அன்றாடம் பயன்பெறும்படி அனுப்ப வேண்டும். அடுத்தவர் வருங்காலத்தைக் கையில் வைத்திருப்போரிடம், அதாவது ஆலை நிர்வாகத்திடமும் வைப்பு நிதி அலுவலகத்திடமும் வங்கியிடமும், 'இந்த வாக்கு மீறப்பட்டால் யாருக்கு மிச்சம்?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகளை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றி, உரியவர் எப்போது வந்தாலும் பெற்றுக்கொள்ளலாம் என்று 2014இல் ஒரு திட்டம் வந்தது. அவற்றைத் தேடிப்பார்க்க 2023இல் உத்கம் என்ற இணைய வாசலும் திறக்கப்பட்டது. காணாமற்போனவர் திரும்பி வருவார் என்று ஓர் அரசு கணக்கு வைத்துக் காத்திருப்பது நல்ல செய்தி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பின்னலாடை வேலைக்கு வந்து, நிறுவனம் மாறி மாறி, வருங்கால வைப்பு நிதியின் பழைய எண்ணைத் தொலைத்துவிட்டு ரயிலேறிப்போன தொழிலாளியையும் இதே பொறுமையோடு தேட வேண்டும் என்பது நம் கோரிக்கை. அவர் இருநூறு ஆண்டு கழித்து எழப்போகிறவர் அல்லர். இன்று ஏதோ ஒரு கிராமத்தில், தனக்கு அப்படியொரு பணம் இருப்பது தெரியாமல் உயிரோடு இருப்பவர்.